வைஃபை வரலையா? ஓ.எஸ்-ஐ மாத்தாதீங்க, கீழேயிருந்து கேளுங்க

லினக்ஸ் லேப்டாப்பில் வைஃபை வரவில்லை என்று ஹாஸ்டல் வராந்தாவில் ஒருவர் சொன்னால் போதும், ஐந்து நிமிஷத்தில் ஐந்து வைத்தியம் வந்துவிடும். "டிரைவரை அழிச்சுட்டு மறுபடி போடு." "அந்த ஃபைலை டெலீட் பண்ணு." "இந்த டூல் சரியில்ல, வேற டூல் இன்ஸ்டால் பண்ணு." "ரூட்டில் போய் இந்த நாலு வரியை பேஸ்ட் பண்ணு." கடைசியாக, "பேசாம விண்டோஸுக்கே போயிடு மச்சான்." இந்த ஐந்தில் ஒன்று சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் எது சரி என்று தெரியாமல் எல்லாவற்றையும் செய்துவிட்டால், முதலில் இருந்த ஒரு கோளாறோடு நாமே போட்ட நான்கு கோளாறும் சேர்ந்துகொள்ளும். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆன்லைன் பிளேஸ்மென்ட் டெஸ்ட் என்றால் கேட்கவே வேண்டாம்.

இந்தப் பாடத்தில் சொல்ல வருவது ஒரே விஷயம்தான். வைஃபை என்பது ஒரு பொருள் இல்லை, ஐந்து அடுக்கு. கோளாறு பெரும்பாலும் ஏதோ ஒரு அடுக்கில்தான் இருக்கும். கீழ் அடுக்கிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றிடமும் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டே மேலே போங்க. "இல்லை" என்று பதில் வருகிற இடத்தில் நில்லுங்க. அங்கே மட்டும் கை வையுங்க.

நம்ம ஊரில் இது யாருக்கோ எப்போதோ வருகிற பிரச்சினை இல்லை. 2011-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் எல்காட் கொள்முதல் செய்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ் என்பது டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. வீட்டில் அண்ணனோ அக்காவோ வைத்திருந்த அந்த லேப்டாப்பில்தான் லினக்ஸை முதலில் பார்த்தேன் என்று சொல்பவர்கள் நம்மில் பலர். இப்போது பொத்தேரி, காட்டாங்குளத்தூர் ரூம்களில் உபுண்டு, ஃபெடோரா, காளி, ஆர்ச் எல்லாமே இருக்கிறது. டிஸ்ட்ரோ மாறினாலும் அந்த ஐந்து அடுக்கு மாறுவதில்லை.

தொடங்கும் முன் மூன்று ஏற்பாடு

முதலாவது, நெட் இல்லாமல் நெட்டைச் சரிசெய்ய முடியாது. ஃபோனை யூ.எஸ்.பி கேபிளில் செருகி, செட்டிங்ஸில் யூ.எஸ்.பி டெதரிங்கை ஆன் பண்ணுங்க. லினக்ஸ் அதை ஒரு கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். வைஃபை டிரைவர் தேவையே இல்லை.

இரண்டாவது, எந்த ஃபைலைத் திருத்துவதாக இருந்தாலும் முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்து வையுங்க. என்ன செய்தோம் என்று ஒரு தாளில் வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்க. அந்த மாற்றம் பலன் தரவில்லை என்றால், அடுத்ததுக்குப் போகும் முன் அதைப் பழையபடி திருப்பிவிடுங்க.

மூன்றாவது, கட்டளைகள் பற்றி. இங்கே அவற்றை வாயில் சொல்வதுபோலத் தமிழில் தந்திருக்கிறோம். நடுவே சிறு கோடு போட்டிருந்தால் தனித்தனி எழுத்து என்று அர்த்தம். டெர்மினலில் அந்தக் கோடு இல்லாமல், சின்ன எழுத்தில் சேர்த்து அடிங்க. 'நெட்வொர்க் மேனேஜர்' என்ற பெயர் மட்டும் விதிவிலக்கு. கட்டளையில் அதை ஒரே சொல்லாக, என், எம் இரண்டும் பெரிய எழுத்தாக எழுத வேண்டும். இது தெரியாமல் சின்ன எழுத்தில் அடித்து, "அப்படி ஒரு சர்வீஸே இல்லையாம்" என்று பயந்துபோகிறவர்கள் நிறைய.

கேள்வி 1: கார்டு கெர்னலுக்குத் தெரிகிறதா, டிரைவர் ஏறியிருக்கிறதா?

'எல்-எஸ்-பி-சி-ஐ மைனஸ் என்-என்-கே' என்று அடிங்க. நீளமான பட்டியல் வரும். அதில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று ஒரு பகுதி இருக்கும். வைஃபை கார்டின் பெயர், பக்கத்தில் சதுர அடைப்புக்குள் அதன் அடையாள எண், கீழே "கெர்னல் டிரைவர் இன் யூஸ்" என்று ஒரு வரி. யூ.எஸ்.பி டாங்கிள் என்றால் 'எல்-எஸ்-யூ-எஸ்-பி'.

மூன்று நிலை சாத்தியம். கார்டே பட்டியலில் இல்லை என்றால் பயாஸில் அணைந்திருக்கலாம், அல்லது கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்காராமல் இருக்கலாம். டூயல் பூட் வைத்திருப்பவர்கள் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் சந்தேகப்படணும். அது ஆன் ஆக இருந்தால் விண்டோஸ் முழுசாக ஷட் டவுன் ஆவதில்லை, பாதித் தூக்கத்தில்தான் போகிறது. கார்டும் அதே நிலையில் சிக்கிக்கொண்டு லினக்ஸுக்கு வரும்போது எழாமல் இருக்கலாம். விண்டோஸில் அதை அணைத்துவிட்டு, ஒருமுறை முழுசாக ஷட் டவுன் செய்து பாருங்க.

கார்டு தெரிகிறது, டிரைவர் வரி மட்டும் இல்லை என்றால் இரண்டாவது நிலை. பிராட்காம், ரியல்டெக் கார்டுகளில் இது அதிகம். நேற்றுவரை ஓடியது, கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு இல்லை என்றால் காரணம் கிட்டத்தட்ட கையில் இருக்கிறது. கெர்னலோடு வராமல் தனியாகப் போட்ட டிரைவர், ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் மறுபடி கம்பைல் ஆகணும். அந்த வேலையை டி-கே-எம்-எஸ் பார்க்கிறது. புதிய கெர்னலின் ஹெடர் ஃபைல்கள் இல்லை என்றால் அதனால் முடியாது. 'டி-கே-எம்-எஸ் ஸ்டேட்டஸ்' அடித்தால் எந்தக் கெர்னலுக்கு ஆகியிருக்கிறது என்று தெரியும். அவசரமா? ரீஸ்டார்ட் பண்ணி, க்ரப் மெனுவின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்க. டெஸ்ட் முடிந்த பிறகு நிதானமாகச் சரிசெய்யலாம்.

டிரைவர் கம்பைல் ஆகியும் ஏறவில்லை என்றால் செக்யூர் பூட்டைப் பாருங்க. அது ஆன் ஆக இருந்தால் கையொப்பம் இல்லாத டிரைவரைக் கெர்னல் உள்ளே விடாது. டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்ட் கேட்டிருக்கும். அடுத்த பூட்டில் நீல நிறத்தில் ஒரு திரை வந்து அதே பாஸ்வேர்டைக் கேட்கும். அதுதான் சாவியைப் பதிவுசெய்கிற இடம். அது என்ன என்று புரியாமல் 'கன்டினியூ' அழுத்திவிட்டு வருவது ரொம்ப சகஜம்.

மூன்றாவது நிலை, டிரைவர் இருக்கிறது, ஃபர்ம்வேர் இல்லை. 'டி-எம்-ஈ-எஸ்-ஜி' கட்டளையின் வெளியீட்டில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்க. "ஃபெயில்டு டு லோட்" என்று ஒரு ஃபைல் பெயரோடு வரி இருந்தால், அந்த ஃபைல் வருகிற ஃபர்ம்வேர் பேக்கேஜைப் போட்டால் போதும். வேறு எதையும் தொட வேண்டாம்.

கேள்வி 2: ரேடியோ பூட்டப்பட்டிருக்கிறதா?

'ஆர்-எஃப்-கில் லிஸ்ட்' அடிங்க. சாஃப்ட் பிளாக், ஹார்ட் பிளாக் என்று இரண்டு வரி வரும். சாஃப்ட் என்பது மென்பொருள் போட்ட பூட்டு. 'ஆர்-எஃப்-கில் அன்பிளாக் வைஃபை' என்றால் திறந்துவிடும். ஏரோபிளேன் மோடு கீயைக் கைதவறித் தட்டினாலே இந்தப் பூட்டு விழும். ஹார்ட் என்பது பொத்தானோ ஸ்விட்சோ போட்ட பூட்டு. எத்தனை கட்டளை அடித்தாலும் திறக்காது. கீபோர்டில் ஆன்டெனா படம் போட்ட கீயை, எஃப்-என் கீயோடு சேர்த்து அழுத்தணும். ஸ்விட்சே இல்லாத சில மாடல்களில்கூட "ஹார்ட் பிளாக்: யெஸ்" என்று வருவதுண்டு. கீபோர்டின் ஸ்பெஷல் கீகளைக் கவனிக்கும் வேறொரு கெர்னல் மாட்யூல் தவறான தகவல் தருவதுதான் அங்கே காரணம். அந்த மாட்யூல் எது என்பதை அதே பட்டியலில் உள்ள பெயரே காட்டிக்கொடுக்கும்.

கேள்வி 3: கார்டை யார் ஓட்டுகிறார்கள்?

ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது. வைஃபை கார்டும் அப்படித்தான், அதற்கு ஒரே ஒரு மேனேஜர்தான் இருக்கணும். இந்த அடுக்கில் வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை தானாக வருவதில்லை, எங்கிருந்தோ எடுத்து பேஸ்ட் பண்ணிய வரிகளால் வருகின்றன.

யார் யார் என்று தெரிந்துகொள்வோம். டபிள்யூ-பி-ஏ சப்ளிகன்ட் என்பது யோனி மலினென் எழுதத் தொடங்கியது. பாஸ்வேர்ட் பேச்சுவார்த்தை மட்டும்தான் அதன் வேலை. நெட்வொர்க் மேனேஜர் 2004-இல் ரெட் ஹேட்டில் தொடங்கியது. மூலையில் தெரிகிற ஐகானுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான். இது முதலாளி, சப்ளிகன்ட் அதன் கீழ் வேலை பார்ப்பவர். இரண்டும் ஒன்றாக ஓடினால் சண்டை இல்லை, அதுதான் வழக்கமான ஏற்பாடு. ஐ-டபிள்யூ-டி என்பது இன்டெல் எழுதியது, 1.0 பதிப்பு 2019-இல் வந்தது. சப்ளிகன்டுக்குப் பதிலாக வைக்கலாம். சிஸ்டம்-டி நெட்வொர்க்-டி பெரும்பாலும் சர்வர்களுக்கு. விக்ட் என்ற ஒன்றைப் பழைய குறிப்புகள் சிபாரிசு செய்யும். அது பைதான் 2 காலத்து மென்பொருள், இன்று அதன் பக்கமே போக வேண்டாம்.

இப்போது கேள்வியைக் கேளுங்க: 'என்-எம்-சி-எல்-ஐ டிவைஸ்'. டபிள்யூ என்ற எழுத்தில் தொடங்கும் பெயர்தான் உங்கள் வைஃபை. அதன் எதிரே உள்ள ஒற்றைச் சொல்லில்தான் விடை இருக்கிறது.

"டிஸ்கனெக்டட்" என்றால் இந்த அடுக்கு நலம், அடுத்த கேள்விக்குப் போங்க. "அன்அவெய்லபிள்" என்றால் முதல் இரண்டு கேள்விகளை மறுபடி பாருங்க; சப்ளிகன்ட் ஓடவில்லை என்றாலும் இப்படி வரும். "அன்மேனேஜ்டு" என்றால், நெட்வொர்க் மேனேஜரிடம் யாரோ "இது உன் வேலை இல்லை" என்று சொல்லியிருக்கிறார்கள்.

யார் சொன்னது? டெபியன், உபுண்டு குடும்பத்தில் முதல் சந்தேகம் 'ஈ-டி-சி' ஃபோல்டருக்குள் 'நெட்வொர்க்', அதற்குள் 'இன்டர்ஃபேசஸ்' என்ற ஃபைல். ஏதோ ஒரு பழைய குறிப்பைப் பார்த்து உங்கள் கார்டின் பெயரை அங்கே எழுதியிருந்தால், நெட்வொர்க் மேனேஜர் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். அந்த வரிகளுக்கு முன்னால் ஹாஷ் குறி போட்டுவிட்டு, 'சிஸ்டம்-சி-டி-எல் ரீஸ்டார்ட் நெட்வொர்க் மேனேஜர்' அடித்தால் பல சமயம் இதோடு முடிந்துவிடும். லூப்பேக் பற்றிய 'எல்-ஓ' வரிகளை மட்டும் விட்டுவிடுங்க.

அங்கே ஒன்றும் இல்லை என்றால் 'சிஸ்டம்-சி-டி-எல் இஸ்-ஆக்டிவ்' என்று அடித்து, மேலே சொன்ன சர்வீஸ்களின் பெயர்களை வரிசையாகக் கொடுங்க. (இந்த 'இஸ்-ஆக்டிவ்' என்பதில் உள்ள கோட்டை மட்டும் அப்படியே அடிக்கணும்.) ஐ-டபிள்யூ-டி, சப்ளிகன்ட் இரண்டும் ஆக்டிவ் என்றால் ஒன்றை நிறுத்துங்க. நெட்வொர்க்-டி ஆக்டிவ் என்றால் உடனே பதற வேண்டாம். 'நெட்வொர்க்-சி-டி-எல்' அடித்துப் பாருங்க. வைஃபைக்கு எதிரே "அன்மேனேஜ்டு" என்று இருந்தால் அது உங்கள் கார்டைத் தொடவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

சைபர் செக்யூரிட்டி கிளப் நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. காளியில் 'ஏர்மான் என்-ஜி செக் கில்' என்ற கட்டளை, மானிட்டர் மோடுக்கு இடைஞ்சலாக இருக்கிற எல்லாரையும் கொன்றுவிடும். அந்த "எல்லாரிலும்" நெட்வொர்க் மேனேஜரும் உண்டு, சப்ளிகன்டும் உண்டு. லேப் முடிந்ததும் ஐகான் காணோம் என்றால் வைஃபை கெட்டுப்போகவில்லை. நீங்களே அனுப்பி வைத்தீர்கள். 'ஏர்மான் என்-ஜி ஸ்டாப்' என்று மானிட்டர் இன்டர்ஃபேஸின் பெயரோடு அடித்து, பிறகு நெட்வொர்க் மேனேஜரை ஸ்டார்ட் பண்ணுங்க. அந்த லேபை உங்கள் சொந்த ரூட்டரில் மட்டும் செய்யணும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

சஸ்பெண்டிலிருந்து எழுந்த பிறகு எல்லாமே அணைந்து கிடந்தால் 'என்-எம்-சி-எல்-ஐ நெட்வொர்க்கிங் ஆன்', அடுத்து 'என்-எம்-சி-எல்-ஐ ரேடியோ வைஃபை ஆன்'. ரீபூட் பண்ணியும் போகாத பிரச்சினை சில நேரம் இந்த இரண்டு வரியில் தீரும். "ஆஃப்" என்ற நிலையை நெட்வொர்க் மேனேஜர் டிஸ்க்கில் எழுதி ஞாபகம் வைத்துக்கொள்வதுதான் காரணம்.

கேள்வி 4: உள்ளே விடுகிறார்களா?

நெட்வொர்க் பெயர் தெரிகிறது, பாஸ்வேர்ட் போட்டால் திரும்பத் திரும்பக் கேட்கிறது. இங்கே ஊகம் வேண்டாம், லாக் இருக்கிறது. 'ஜர்னல்-சி-டி-எல் மைனஸ் பி மைனஸ் யூ நெட்வொர்க் மேனேஜர்' அடித்துக் கடைசி இருபது வரியைப் படியுங்க. "ஃபெயில்டு" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் ஒரு காரணம் இருக்கும். "நோ சீக்ரெட்ஸ்" என்றால் பாஸ்வேர்ட் தப்பு, அல்லது சேமித்த பாஸ்வேர்ட் கிடைக்கவில்லை. "எஸ்-எஸ்-ஐ-டி நாட் ஃபவுண்ட்" என்றால் அந்த நெட்வொர்க்கே உங்கள் கார்டுக்குக் கேட்கவில்லை. "சப்ளிகன்ட்" என்று தொடங்கினால் பேச்சுவார்த்தை பாதியில் முறிந்தது. "ஐ-பி கான்ஃபிக் அன்அவெய்லபிள்" என்றால் கதவு திறந்துவிட்டது, அட்ரஸ்தான் கிடைக்கவில்லை. அது ஐந்தாம் கேள்வி.

ரூம் ரூட்டருக்கும் கேம்பஸ் வைஃபைக்கும் இங்கே பெரிய வித்தியாசம் உண்டு. ரூமில் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட். கேம்பஸில் பெரும்பாலும் டபிள்யூ-பி-ஏ 2 என்டர்பிரைஸ்: ஒவ்வொருவருக்கும் தனி யூசர்நேம், தனி பாஸ்வேர்ட், உள்ளே ஒரு சர்வர் சரிபார்க்கும். பல பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக இயங்கும் எஜுரோம், இந்தியாவில் எர்நெட் இந்தியா நடத்துவது, இதே முறைதான். பீப் என்ற ஆதென்டிகேஷன், உள்ளே எம்-எஸ்-சாப் வி2 என்பது வழக்கமான சேர்க்கை.

அந்த விண்டோவில் "நோ சி.ஏ. சர்ட்டிஃபிகேட் இஸ் ரெக்வயர்டு" என்று ஒரு டிக் பாக்ஸ் இருக்கும். "அதை டிக் பண்ணிடு, கனெக்ட் ஆயிடும்" என்று எல்லாரும் சொல்வார்கள். கனெக்ட் ஆகத்தான் செய்யும். ஆனால் என்ன நடக்கிறது என்று பாருங்க. "எதிரே இருப்பது உண்மையிலேயே என் காலேஜ் சர்வர்தானா?" என்ற கேள்வியைக் கேட்காதே என்று லேப்டாப்பிடம் சொல்லிவிட்டீர்கள். அதே பெயரில் ஒரு போலி அக்சஸ் பாயின்ட்டை யாராவது பையில் வைத்துக்கொண்டு கேன்டீனில் உட்கார்ந்தால், உங்கள் லேப்டாப் தானாகப் போய் அதனிடம் கைகுலுக்கும். எம்-எஸ்-சாப் வி2 கைகுலுக்கல் கிடைத்துவிட்டால், பாஸ்வேர்ட் எவ்வளவு நீளமாக இருந்தாலும், ஒரே ஒரு டி.ஈ.எஸ் சாவியை உடைக்கிற வேலையாக அதைச் சுருக்கிவிடலாம் என்று 2012 டெஃப்கான் மாநாட்டிலேயே மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்டனும் காட்டிவிட்டார்கள். அந்த பாஸ்வேர்டே மெயிலுக்கும், அட்டெண்டன்ஸ், மார்க் பார்க்கிற போர்ட்டலுக்கும் என்றால் இழப்பு வைஃபையோடு நிற்காது.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். காலேஜ் ஐ.டி. பிரிவிடம் இரண்டு விஷயம் கேளுங்க: எந்த சி.ஏ. சர்ட்டிஃபிகேட், எந்த டொமைன். இரண்டையும் அந்தந்தக் கட்டத்தில் போடுங்க. டொமைன் கட்டத்தைக் காலியாக விடாதீங்க. பொதுவான சி.ஏ. என்றால் அதே சி.ஏ-விடம் வேறு யார் வேண்டுமானாலும் சர்ட்டிஃபிகேட் வாங்கலாம்; "இந்தப் பெயருக்குக் கொடுத்தது மட்டும் செல்லும்" என்று சொல்வது டொமைன்தான்.

எல்லாம் சரியாக இருந்தும் உபுண்டு 22.04 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்கு மாறிய பிறகு மட்டும் கேம்பஸ் வைஃபை போய்விட்டது என்றால், லாகில் டி.எல்.எஸ் என்ற சொல்லைத் தேடுங்க. 22.04-இல் வந்த ஓப்பன் எஸ்.எஸ்.எல் 3, பழைய பாணி டி.எல்.எஸ் பேசும் சர்வர்களை ஏற்க மறுக்கும். அங்கே குறை உங்கள் லேப்டாப்பில் இல்லை. அந்த லாக் வரியை ஐ.டி. பிரிவுக்கு அனுப்புவதுதான் சரியான வழி.

மேக் அட்ரஸைப் பதிவுசெய்த பிறகே அனுமதிக்கும் ஹாஸ்டல்களில் இன்னொரு சிக்கல் வரும். தனியுரிமைக்காக மேக் அட்ரஸை மாற்றிக் காட்டும் வசதி நெட்வொர்க் மேனேஜரில் இருக்கிறது. ஃபெடோரா 40-இலிருந்து ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு தனி அட்ரஸ் என்பது இயல்பான அமைப்பாகிவிட்டது. நீங்கள் பதிவுசெய்தது ஒன்று, லேப்டாப் காட்டுவது ஒன்று என்று ஆகிவிடும். அந்த ஒரு இணைப்புக்கு மட்டும் 'க்ளோன்டு அட்ரஸ்' கட்டத்தில் 'பெர்மனென்ட்' என்று வையுங்க. ரயில்வே ஸ்டேஷன், மால் வைஃபைக்கெல்லாம் மாறும் அட்ரஸே இருக்கட்டும்.

கேள்வி 5: கனெக்டட் என்கிறது, நெட் ஏன் வரவில்லை?

மூன்று படியாகப் பிரியுங்க. 'ஐ-பி ரூட்' அடித்தால் 'டிஃபால்ட்' என்று ஒரு வரி, அதில் கேட்வே அட்ரஸ். முதலில் அந்த கேட்வேயைப் பிங் பண்ணுங்க, அடுத்து 1.1.1.1, கடைசியாக ஏதாவது ஒரு வெப்சைட் பெயர். கேட்வேயே பதில் தரவில்லை என்றால் ரேடியோ அல்லது அட்ரஸ் பிரச்சினையாக இருக்கலாம் (சில கேம்பஸ்களில் பிங்கையே தடுத்திருப்பார்கள், அதையும் மனதில் வையுங்க). எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால் டி.என்.எஸ்.

கேம்பஸில் முதல் சந்தேகம் லாகின் பக்கம். 'என்-எம்-சி-எல்-ஐ நெட்வொர்க்கிங் கனெக்டிவிட்டி செக்' அடித்தால், "போர்ட்டல்" என்று பதில் வரலாம். அப்படியென்றால் லாகின் பாக்கி. லாகின் பக்கம் திறக்கவில்லை என்றால், நீங்களாகப் போட்டு வைத்த 8.8.8.8 போன்ற டி.என்.எஸ்-ஐ எடுத்துவிட்டுப் பாருங்க. லாகின் சர்வரின் பெயர் உள்ளூர் டி.என்.எஸ்-க்கு மட்டும் தெரிந்திருக்கலாம். பிரவுசருக்குள் இருக்கும் செக்யூர் டி.என்.எஸ் வசதியும் இதே வேலையைக் காட்டும்.

நம்ம பசங்களுக்கு அதிகம் வருகிற ஒன்று டாக்கர். டாக்கர் தன் உள் நெட்வொர்க்குக்கு 172.17.0.0 வரிசையை எடுத்துக்கொள்ளும். கம்போஸ் போட்டால் 172.18, 172.19 என்று வரிசையாகப் போகும். கேம்பஸ் நெட்வொர்க்கும் 172.16 முதல் 172.31 வரையுள்ள தனி அட்ரஸ் வரிசையைப் பயன்படுத்தலாம். லாகின் சர்வர் அதே வரிசையில் இருந்தால், உங்கள் பாக்கெட் வெளியே போகாமல் லேப்டாப்புக்குள் இருக்கும் டாக்கருக்கே திரும்பிவிடும். வைஃபை முழு சிக்னல் காட்டும், லாகின் பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். 'ஐ-பி ரூட்' பட்டியலில் கேம்பஸ் வரிசையும் டாக்கர் வரிசையும் மோதுகிறதா பாருங்க. மோதினால், டாக்கரின் டீமன் கான்ஃபிக் ஃபைலில் 192.168.200.1/24 போன்ற வேறொரு வரிசையை வையுங்க. கம்போஸ் நெட்வொர்க்குகளுக்கான அட்ரஸ் தொகுப்பையும் அதே ஃபைலில் மாற்றுங்க.

கடிகாரத்தையும் ஒருமுறை பாருங்க. டூயல் பூட்டில் நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளியிருந்தால் காரணம் தெளிவு: லினக்ஸ் போர்டு கடிகாரத்தை உலக நேரமாக எடுத்துக்கொள்கிறது, விண்டோஸ் இந்திய நேரமாக எடுத்துக்கொள்கிறது. அது பெரும்பாலும் தொல்லை தராது. ஆனால் சீமாஸ் பேட்டரி தீர்ந்து வருஷமே பின்னால் போயிருந்தால், "சர்ட்டிஃபிகேட் இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று எல்லாக் கதவும் மூடிக்கொள்ளும். நெட் இல்லாததால் கடிகாரமும் தானாகத் திருந்தாது. கையால் நேரத்தை வையுங்க.

வருகிறது, ஆனால் நிற்கவில்லை

அடிக்கடி அறுந்தால் முதலில் பவர் சேவ். உபுண்டுவில் நெட்வொர்க் மேனேஜரின் 'கான்ஃப் டாட் டி' ஃபோல்டரில் வைஃபை பவர்சேவ் பற்றிய ஒரு ஃபைல் இருக்கும். அதில் 3 என்றால் ஆன், 2 என்றால் ஆஃப். பேட்டரி கொஞ்சம் குறையும், இணைப்பு நிற்கும்.

ரூட்டர் பக்கத்திலேயே வைத்தாலும் ஒரு புள்ளிதான் சிக்னல் என்றால், கார்டு ரியல்டெக் 8723-பி-ஈ-யா என்று பாருங்க. இரண்டு ஆன்டெனா முனையில் ஒன்றில் மட்டும் வயர் மாட்டிய லேப்டாப்களில், டிரைவர் காலியான முனையைக் கேட்டுக்கொண்டிருக்கும். 'ஆன்ட்-செல்' என்ற மாட்யூல் ஆப்ஷனை 1 அல்லது 2 என்று மாற்றினால் சிக்னல் எழுந்து நிற்கும். (அந்தப் பெயரில் ஆன்ட், செல் இரண்டுக்கும் நடுவே அடிக்கோடு.)

ஃபோனுக்குத் தெரிகிற வைஃபை லேப்டாப்புக்குத் தெரியவே இல்லை என்றால் இரண்டு காரணம். கார்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் கேட்கிற மலிவு ரகமாக இருக்கலாம். அல்லது நாட்டு அமைப்பு தவறாக இருக்கலாம்: 'ஐ-டபிள்யூ ரெக் கெட்' அடித்தால் ஐ-என் என்று வரணும். 00 என்று வந்தால், எந்த நாடு என்று தெரியாமல் கார்டு அடக்கி வாசிக்கிறது, சில சேனல்களில் தானாகப் பேசாது. இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் பெரும் அகலம் லைசென்ஸ் இல்லாமல் திறக்கப்பட்டது 2018-இல். ஒரே மாடியில் பத்து ரூட்டர் இருக்கிற பொத்தேரி அபார்ட்மென்ட்களில் அது பெரிய விடுதலை. 2.4-இல் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல் மூன்றுதான்: 1, 6, 11. பத்துப் பேர் மூன்று இடத்துக்கு அடித்துக்கொள்வதை எந்த மென்பொருளாலும் தீர்க்க முடியாது. முடிந்தால் 5-க்கு மாறுங்க.

உதவி கேட்பது எப்படி

இத்தனைக்குப் பிறகும் தீரவில்லையா? உங்கள் கையில் இப்போது ஒன்று இருக்கிறது: எந்தக் கேள்வி வரை "ஆம்", எந்தக் கேள்வியில் "இல்லை". "வைஃபை வேலை செய்யலை, ஹெல்ப்" என்று குரூப்பில் போட்டால் மறுபடியும் அதே ஐந்து வைத்தியம்தான் வரும். இப்படி எழுதிப் பாருங்க: டிஸ்ட்ரோவும் பதிப்பும், கெர்னல் பதிப்பு, கார்டின் பெயரும் அடையாள எண்ணும், டிரைவர் பெயர், 'என்-எம்-சி-எல்-ஐ டிவைஸ்' காட்டிய நிலை, லாகின் கடைசி இருபது வரி, எப்போதிலிருந்து, அதற்கு முன் என்ன மாற்றினீர்கள். யூசர்நேம், பாஸ்வேர்ட் இருந்தால் மறைத்துவிடுங்க.

இப்படி எழுதிக்கொண்டு போனால் கேட்க ஆள் இருக்கிறார்கள். நம் பகுதிக்கு அருகிலேயே இயங்கும் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இணையவழியில் தமிழிலேயே பேசிக்கொள்கிறது. சென்னையில் ஐ-எல்-யூ-ஜி-சி என்ற லினக்ஸ் பயனர் குழு பல வருஷமாக இருக்கிறது. முதல் வருஷ மாணவர் என்று யாரும் விரட்ட மாட்டார்கள். லாக் இல்லாமல் போனால் மட்டும், "முதல்ல லாக் எடுத்துட்டு வாங்க தம்பி" என்பார்கள்.

தீர்ந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. எந்த மாற்றத்தால் தீர்ந்தது என்று அந்தத் தாளில் கட்டம் போட்டு வையுங்க. அடுத்த கெர்னல் அப்டேட்டில் அதே கோளாறு வரலாம். அல்லது பக்கத்து ரூமில் யாராவது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உங்கள் கதவைத் தட்டலாம். அப்போது அவருக்கு ஆறாவது வைத்தியம் சொல்லாதீங்க. முதல் கேள்வியைக் கேளுங்க.